கோமதி மாமி வீட்டின் சிவப்பு வரிகள்

முப்பத்து நாலு வயதில் என்னை "ஓய்வு பெற்றவள்" என்று சொல்லிக்கொண்டால் தாராவியில் எங்கள் சந்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அம்மா மட்டும் சிரிப்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "வேலைய விட்டுட்டு நிக்கா" என்று திருத்திச் சொல்லிவிடுகிறாள். ஆனால் நான் சொல்வதுதான் சரி. நான் வேலையை விடவில்லை, வேலைதான் என்னை விட்டுப் போனது. மாதுங்காவில் இரண்டே அறையில் நடந்த எங்கள் சின்னக் கம்பெனியை ஒரு பெரிய செயலிக் கம்பெனி வாங்கிக்கொண்டது. இனி வீடு வீடாகப் போக வேண்டாம், குர்லாவில் கண்ணாடிக் கட்டடத்தில் பெரிய திரைக்கு முன்னால் நாற்காலி தருகிறோம் என்றார்கள். கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்தேன். கால் தரையில் நிற்கவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஹார்பர் லைன் வண்டி பிடித்து வந்துவிட்டேன்.

வந்த பிறகும் அந்த வேலை என்னை முழுசாக விடவில்லை. எனக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகள் இன்னும் வாய்ஸ் நோட் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். போன வாரம் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, வீட்ல இருக்கறவங்க 'இத ரிப்போர்ட்ல போடாத'ன்னு சொன்னா என்ன பண்றது?" அவளுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள், வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு. மகன் கனடாவில் இருப்பான், மகள் பெங்களூரில் இருப்பாள், அப்பா அம்மா மாதுங்காவிலோ செம்பூரிலோ பழைய கட்டடத்தில் இருப்பார்கள். குழாய் ஒழுகும், சீலிங் காரை பெயரும், தண்ணீர்த் தொட்டி கழுவி எத்தனை நாளாயிற்று என்று யாருக்கும் நினைவிருக்காது. பிள்ளைகள் எங்களுக்கு மாதக் கட்டணம் கட்டுவார்கள். நாங்கள் மாதம் இரண்டு தடவை போய்ப் பார்ப்போம், ஆளை வைத்துச் சரிசெய்வோம், பார்த்ததை எழுதி வைப்போம். எழுதி வைக்கப் பெரிய மென்பொருள் ஒன்றும் கிடையாது. போனில் ஓர் எக்செல் ஷீட், ஒரு காலண்டர், ஒரு போட்டோ ஃபோல்டர். அவ்வளவுதான். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு டெஸ்டரும் கையுமாக நான் போய்ச் சேர்ந்தது இதில்தான்.

எங்கள் முதலாளி தங்கராஜ் சார். அவரும் தாராவிதான், பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். முன்பு லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் இருந்தவர். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் உட்கார மாட்டார். மனிதர்களைப் பார்ப்பதற்கு முன் சீலிங்கைப் பார்ப்பார். சுவரை உள்ளங்கையால் தொட மாட்டார், புறங்கையை வைப்பார். ஈரம் புறங்கைக்குத்தான் முதலில் தெரியுமாம். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா நிற்பார். ஃப்ளஷ் டேங்கில் கசிவு இருந்தால் அந்த அமைதியில் கேட்கும். நான் சேர்ந்த புதிதில், இவர் உள்ளே என்ன செய்கிறார் என்று வீட்டுக்காரர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

எழுதுவதில் அவருக்குப் பிடிவாதம் அதிகம். "ஓகே" என்று எழுதக் கூடாது, "பரவாயில்லை" என்று எழுதக் கூடாது, "கொஞ்சம்" என்ற வார்த்தையே கூடாது. விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுக்க வேண்டும். போன மாதம் எந்த டைல்ஸ் மேல் நின்று எடுத்தோமோ அதே டைல்ஸில் நின்று எடுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் விரிசல் நகர்ந்ததா என்று தெரியும். பார்த்து முடித்த வரி பச்சை. செய்ய வேண்டிய வரி மஞ்சள். ஆபத்து அல்லது தாமதம் என்றால் சிவப்பு. சரிசெய்த உடனே பச்சை போட முடியாது. சரிசெய்து, மறுபடி ஒரு தடவை போய்ப் பார்த்த பிறகுதான் பச்சை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவப்பு வரிகள் மட்டும் பிள்ளைகளின் போனுக்குத் தானாகப் போய்விடும்.

ஷீட்டை நான் கண்மூடித்தனமாக நம்பினேன். அந்த நம்பிக்கை முதல் மழையிலேயே உடைந்தது. வடாலாவில் ஒரு வீடு. பால்கனித் தண்ணீர் போகும் துவாரத்தை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்ய வேண்டும். ஷீட்டோ கடைசியாகச் செய்த தேதியிலிருந்து ஆறு மாதத்தை எண்ணிக்கொண்டு போயிற்று. ஒரு தடவை பத்து நாள் தாமதம், அடுத்த தடவை இருபது நாள் என்று தள்ளித் தள்ளி, முறை ஜூலையில் வந்து நின்றுவிட்டது. ஜூன் மழையில் பால்கனி குளமாகித் தண்ணீர் ஹாலுக்குள் வந்தது. நான் போய் நிற்கும்போது சோபாவின் கால்கள் தண்ணீரில். ஷீட்டைத் திறந்தேன். அந்த வரி அழகாகப் பச்சையில் இருந்தது.

தங்கராஜ் சார் கோபப்படவில்லை. "மழைக்கு உன் ஷீட்டு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

சரி, எல்லாவற்றையும் மே மாதத்துக்கு மாற்றுகிறேன் என்றேன். அதற்குத்தான் சிரித்தார். மே மாதம் நம் ஆட்கள் யார் மும்பையில் இருக்கிறார்கள்? பிளம்பர், கொத்தனார் எல்லாம் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் திருநெல்வேலி போயிருப்பார்கள். வீட்டுக்காரர்களும் லீவுக்குப் பாலக்காட்டுக்கோ கும்பகோணத்துக்கோ போய்ப் பூட்டுத் தொங்கும். சாவி இருந்தாலும் ஆள் இல்லை, ஆள் இருந்தாலும் சாவி இல்லை. அன்றைக்கு இரண்டு வகை வரி போட்டேன். எண்ணிக்கொண்டு போகிற வரி ஒன்று. எது நடந்தாலும் மார்ச் மாதத்தைத் தாண்டக் கூடாத வரி இன்னொன்று. அந்த மாற்றம் தந்த சந்தோஷத்தில் ராத்திரி தூக்கம் வரவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கா இம்புட்டு?" என்றாள்.

இனி கோமதி மாமி. வாய்ஸ் நோட்டில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது.

செம்பூரில் மூன்று மாடிப் பழைய கட்டடம், இரண்டாவது மாடி. மாமி டெலிபோன் ஆபீஸில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். மாமா போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. தனியாகத்தான் இருந்தார். ஒரே மகன் சுந்தர், டொராண்டோவில். கட்டணம் கட்டுவது அவர். மாமிக்கு எங்களைப் பிடிக்கவில்லை. முதல் நாளே கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "என் ஆத்தை வேவு பாக்க என் பிள்ளை ஆள் வெச்சிருக்கானாக்கும்?" என்று கேட்டார். பிறகு காபி கொடுத்தார். காபி நன்றாக இருந்தது.

எனக்கு அந்த வீடு ஒரு விருந்து. ஐம்பது வருடத்துக் குழாய், ஐம்பது வருடத்து ஒயரிங். ஒவ்வொரு தடவையும் புதிதாக இரண்டு மூன்று கண்டுபிடிப்பேன். சமையலறை ஜன்னல் மேல் விரிசல், பூஜை அலமாரிக்குப் பின்னால் ஓதம், கேஸ் ரப்பர் குழாயின் தேதி முடிந்தது. எல்லாம் நாணயம் வைத்த படங்களோடு. சிவப்பு ஏறிக்கொண்டே போயிற்று. எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறேன் என்று எனக்குப் பெருமை.

ஒரு ஞாயிறு சுந்தர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார். அப்பா விழுந்தபோது தன்னால் நேரத்துக்கு வர முடியவில்லை என்று முன்பே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். இப்போது வேறு விஷயம். வாரா வாரம் எழுந்ததும் முதலில் அந்தச் சிவப்பைத்தான் பார்ப்பாராம். இத்தனை சிவப்பு இருக்கிற வீட்டில் அம்மாவைத் தனியாக வைத்திருக்க முடியாது. மழை முடிந்ததும் ப்ரோக்கர் வருவார், வீட்டை விற்றுவிட்டு அம்மாவைக் கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்பில் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறாராம். அம்மாவிடமும் சொல்லியாயிற்றாம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க எல்லா ஃபோட்டோவையும் ஒரே ஃபைலா அனுப்பினா, அம்மாவுக்குக் காட்டிப் புரிய வைக்க ஈஸியா இருக்கும்" என்றார்.

போனை வைத்துவிட்டு ஷீட்டைத் திறந்து பார்த்தேன். அந்த வீட்டை விற்கப் போவது நான் எழுதிய வரிகள். அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் இன்னும் கஷ்டம்.

அடுத்த தடவை போனபோது வீடே மாறியிருந்தது. ரப்பர் குழாய் புதிது. விரிசல் பூசப்பட்டிருந்தது. சொட்டிக்கொண்டிருந்த குழாய் வாயை மூடியிருந்தது. அதோடு அலமாரிக்குப் பின்னால் ஓதமும் உலர்ந்திருந்தது. சுந்தர் போனில் அடுக்கிய குறைகளையெல்லாம், பக்கத்திலிருக்கும் சீத்தா கேம்ப்பிலிருந்து ஓர் ஆளைத் தானே பிடித்துச் சரிசெய்து முடித்திருக்கிறார் மாமி. "எல்லாம் சரியா இருக்கு பாரு. பச்சை போட்டுக்கோ" என்றார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன், உண்மையிலேயே சரியாக இருந்தது. மறுமுறையும் போய்ப் பார்த்துப் பச்சை போட்டேன். எனக்கும் சந்தோஷம்தான். வாரா வாரம் சிவப்பு குறைந்தது. சுந்தரும் ப்ரோக்கர் பேச்சை எடுக்கவில்லை. இந்த மாமி ஜெயித்துவிடுவார் என்றுகூட நினைத்தேன்.

மழை விடுகிற சமயம் ஒருநாள் பாத்ரூமுக்குள் போனால் தரையில் ஒரு மணை கிடக்கிறது. சாதாரணப் பலகை இல்லை. கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைக்கிற, கோலம் வரைந்த மணை. தண்ணீரில் ஊறிக் கோலத்தின் சாயம் பாதி போயிருந்தது. இந்த வீட்டில் அதைக் காலால் கூடத் தொட மாட்டார்கள்.

"மாமி, மணை எதுக்கு இங்க இருக்கு?"

"பக்கெட் வெக்க."

பக்கெட் மூலையில் இருந்தது. மணை குழாய்க்கு நேர் கீழே, ஆள் நிற்கிற இடத்தில் இருந்தது. நான் கீசர் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குழாயில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. உள்ளேயிருக்கும் சின்ன விளக்கு மங்கலாக இல்லை, நன்றாகவே எரிந்தது.

கீசரின் உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள் பழுதாகித் தண்ணீரிலும் குழாயிலும் கரண்ட் கசிந்துகொண்டிருக்கிறது. அப்படிக் கசிந்தால் தானாக விழுந்து கரண்ட்டைத் துண்டிக்க வேண்டிய பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று மெயினில் இருக்கிறது. அதைப் போய்ப் பார்த்தேன். அதற்கு வெளியே தனி ஒயர் இழுத்து, கரண்ட் அதைத் தொடாமல் போகும்படி டைரக்ட் செய்திருந்தார்கள். அந்த சுவிட்ச் தினமும் விழுந்து தொல்லை கொடுத்ததாம். தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அது விழாதபடி செய்ய வைத்திருக்கிறார் மாமி. அதற்குப் பிறகு தண்ணீரில் சுருக்கென்று இருந்ததால், மரத்தில் நின்றால் ஷாக் அடிக்காது என்று மணையைப் போட்டுக்கொண்டு குளித்திருக்கிறார். ஊறிய மரம் கரண்ட்டைத் தடுக்காது.

கீசருக்குப் போகிற லைனைக் கழற்றினேன். மாமி கதவருகில் நின்றார். அதட்டுவார் என்று நினைத்தேன். அதட்டவில்லை.

"முத்து, இதை மட்டும் எழுதாதேடி. இன்னிக்கே சரி பண்ணிடு. நான் பைசா தரேன். எழுதினேன்னா அவன் அடுத்த ஃப்ளைட்ல வந்து நிப்பான். நான் இந்த ஆத்துலேர்ந்து போகமாட்டேன்."

பால்கனிக்குப் போய்த் தங்கராஜ் சாரைக் கூப்பிட்டேன். அரை மணியில் ஆளோடும் புது கீசரோடும் வந்துவிட்டார். பழையதைக் கழற்றி, டைரக்ட் ஒயரைப் பிடுங்கி, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முடித்தார். பிறகு படிக்கட்டில் வைத்து நான் கெஞ்சினேன். ஆபத்து போய்விட்டது சார், இனி எழுதி யாருக்கு என்ன லாபம், ஒரு அம்மாவின் வீடு போகிறது.

"பாத்தத எழுதாம விட்டேன்னு வையி, நாளைக்கு வேற வீட்ல பாக்காதத எழுதுவ" என்றார். "இன்னிக்கே போடு."

"அவங்க வீடு சார்."

"அவங்க வீடுதான். அவங்க உசுரும்தான."

இறங்கிப் போய்விட்டார். படிக்கட்டிலேயே நின்றேன். சார் சொன்னது சரி. மாமி கேட்டதும் தப்பில்லை. ஷீட்டைத் திறந்து அந்த வரியை எழுதினேன்: பாத்ரூம் குழாயில் கரண்ட், பாதுகாப்பு சுவிட்சுக்கு வெளியே ஒயர், இரண்டும் இன்று நீக்கப்பட்டன. சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை போகும்.

எழுதி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருடத்தில் இந்த ஷீட்டை மாமி பார்த்ததே இல்லை. டொராண்டோவில் இருப்பவர் பார்க்கிறார், மாதுங்கா ஆபீஸ் பார்க்கிறது. அந்தக் குழாயில் குளிக்கிறவருக்கு மட்டும் அது போவதில்லை. கட்டணம் கட்டுகிறவர் பெயரை மட்டும்தான் சேர்ப்போம், எங்கள் வழக்கமே அதுதான். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

திரும்ப மேலே ஏறினேன். "எழுதிட்டேன் மாமி" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் போனை வாங்கி ஷீட்டை அதில் திறந்து கையில் கொடுத்தேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வரியிலிருந்து படித்தார். ஹாலில் நடந்துகொண்டிருந்தேன். ஓரிடத்தில், "பூஜை அலமாரி பின்னால ஓதம் இருந்துதா? எனக்கே தெரியாதே" என்றார். இன்னோரிடத்தில், "இது அநியாயம். அந்த ஜன்னல் கல்யாணமாகி வந்தப்பவே அப்படித்தான் இருந்தது" என்றார். படித்து முடித்ததும் அவர் முகத்தில் வேறு ஒரு களை வந்துவிட்டது. டெலிபோன் ஆபீஸில் பழுதான லைன்களையெல்லாம் மேய்த்தவர் அல்லவா?

"இதுல என் வீட்டுக்கு மட்டும்தான் இடமா?"

"எத்தனை வீடு வேணும்னாலும் சேக்கலாம் மாமி."

"அப்ப இன்னொண்ணு சேரு."

"யாரு வீடு?"

"சுந்தரோடது."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை வரச் சொல்லியிருந்தார். அங்கே அது காலை. சிவப்பு போய்ச் சேர்ந்திருந்தது. வீடியோ காலில் வந்ததும் சுந்தர் நேராக கீசருக்கு வந்தார். டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"கீசர் பத்தி அப்பறம் பேசலாம். போனைக் கையில எடுத்துண்டு எழுந்திரு" என்றார் மாமி. "சமையலறைக்குப் போ. இவ எழுதிப்பா."

விளையாட்டு என்று நினைத்து எழுந்தார். மாமி விளையாடவில்லை. சிங்க்குக்கு அடியில் காட்டச் சொன்னார். துணி உலர்த்தும் மெஷினின் பின்னால் காட்டச் சொன்னார். அங்கே துணித்தூசி பஞ்சு மெத்தை மாதிரி அடைந்திருந்தது. ஹீட்டர் ஃபில்டரை உருவச் சொன்னார், கரியாக வந்தது. ஜன்னலைத் திறந்து கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் ஓடும் தகரக் குழாயைக் காட்டச் சொன்னார். இலை நிரம்பி அதில் ஒரு செடி முளைத்திருந்தது. நான் எழுத எழுத ஷீட் சிவந்துகொண்டே போனது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"மேல வட்டமா இருக்கே, அது என்ன?"

"புகை வந்தா கத்தற அலாரம்மா."

"கத்தச் சொல்லு."

சுந்தர் அலாரத்தை அண்ணாந்து பார்த்தார். பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "அதுல பேட்டரி இல்ல மாமி. கடுகு தாளிச்சா கத்தறதுன்னு கழட்டிட்டார்."

மாமி என் பக்கம் திரும்பினார். "அந்த சுவிட்ச் விழுந்து விழுந்து தொல்லை பண்ணித்துன்னு நான் டைரக்ட் பண்ணேன். இவன் பேட்டரியைக் கழட்டிருக்கான்." பிறகு போனைப் பார்த்து, "முத்து, அவன் ஆத்துல எத்தனை சிவப்பு?" என்றார்.

எண்ணிச் சொன்னேன். மாமி வீட்டில் அன்றைக்கு இருந்தது ஒன்றே ஒன்று.

"சுந்தர், இத்தனை சிவப்பு இருக்கற ஆத்துல ரெண்டு குழந்தைகளை வெச்சுண்டிருக்கே. எனக்கு பயமா இருக்கு. அதை வித்துட்டு இங்க வந்துடு."

அவர் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் கேமராவை விட்டு நகர்ந்தார். சுந்தர் சிரிக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்தார். படம் ஆடியது.

"அம்மா, நிஜமாவே ஷாக் அடிச்சுதா?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அடிச்சுது" என்றார் மாமி. "மூணு தடவை. பயந்துட்டேன். உன்கிட்ட சொன்னா நீ ஆத்தை வித்துடுவேன்னு சொல்லலை. இனிமே சொல்றேன். ஆனா நான் சொல்றதை நீ ஆத்தை விக்கறதுக்கு எடுத்துக்கப்படாது."

பிறகு சுந்தர் எழுந்து போய் ஒரு டிராயரைத் திறந்து பேட்டரியைத் தேடி எடுத்தார். ஸ்டூல் போட்டு ஏறினார். மாட்டியதும் அது கத்திய கத்தலில் மாமி போனை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தார்.

ஸ்டூலில் நின்றபடியே சொன்னார்: "ப்ரோக்கர்கிட்ட வேண்டாம்னு நானே சொல்லிடறேன்மா."

"சொல்லு" என்றார் மாமி. "ஃபில்டர் எப்போ மாத்தப் போறே?"